இருசப்பன் காட்டிய அருந்ததி

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிப் போனால் இடது கைப் பக்கம் ஒரு மாடி வீடு. முன்னால் மயில் தோகை விரித்த மாதிரி இரும்பு கேட். அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட மாமனார் காசு கிடையாது, பேங்க் காசும் கிடையாது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெல்டிங் பிடித்த இருசப்பன் கட்டியது. ஊரில் பாதி லாட்ஜுக்கு ஜன்னல் கிரில் அவர் கைவேலைதான். இதை அவரே சொல்வார், சொல்லாத நாள் கிடையாது. சொன்னால் என்ன தப்பு? உழைத்தவன் சொல்லாமல் ஊரான் வந்தா சொல்லுவான்?

அவருக்கு வானத்துப் பைத்தியம் பிடித்தது ஐம்பது வயசுக்கு மேல். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் தன் தொலைநோக்கியின் உடைந்த காலைப் பற்றவைக்கக் கொண்டுவந்தார். பற்றவைத்துக் கொடுத்துவிட்டு ஒரு தரம் அதில் நிலாவைப் பார்த்தார் இருசப்பன். அவ்வளவுதான். கண்ணாடியை மட்டும் சென்னையில் வாங்கி, குழாயும் ஸ்டாண்டுமாகச் சொந்தப் பட்டறையிலேயே ஒன்று செய்துவிட்டார். யானை வந்து முட்டினாலும் அந்த ஸ்டாண்டு ஆடாது.

கூட்டாளிகள் ரெண்டு பேர். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன அருணகிரி, கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் புகழேந்தி. ரெண்டு பேரும் அவருக்குச் சின்னவர்கள். ஊருக்கே பௌர்ணமி என்றால் கிரிவலம், கூட்டம், வியாபாரம். இந்த மூன்று பேருக்கு மட்டும் அது துக்க நாள். நிலா வெளிச்சத்தில் ஒரு மண்ணும் தெரியாது. அவர்கள் திருநாள் அமாவாசை. அமாவாசை சாயங்காலம் மூன்று ஆம்பிளைகள் நீளமாக எதையோ போர்த்தி மாடிக்குத் தூக்கிப் போவதைப் பார்த்து, எதிர்வீட்டு அம்மா வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டது.

"டேய் கண்டக்டரு, நம்மள மந்திரவாதின்னு நெனச்சிட்டாங்கடா!"

"இருந்துட்டுப் போகட்டும்ணா. ஒருத்தர் பார்த்தா போதுமா? முன்னாடி நகருங்க, நகருங்க, உள்ள எடம் இருக்குது" என்று அருணகிரி குழாய்ப் பக்கம் முண்டுவான்.

புகழேந்தி வாங்கிவரும் மசால்வடைப் பொட்டலம் அதற்குள் பாதி காலியாகியிருக்கும்.

அந்த மாடிக்கு வடக்கே மலை. வைகாசியில் இருட்டினதும் உச்சிக்கு நேர் மேலே சப்தரிஷி ஏழும் வந்து நிற்கும். வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அவரை ஒட்டிக்கொண்டு மங்கலாக அருந்ததி. "வெல்டிங் நெருப்ப நாப்பது வருஷம் பார்த்த கண்ணுடா இது. இன்னும் கண்ணாடி கிடையாது. எனக்கு அருந்ததி தெரியுது, உங்களுக்குத் தெரியுதா?" என்று மார் தட்டுவார். கல்யாண வீட்டு வழக்கத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. "பட்டப்பகல்ல ஐயர் கைய நீட்டறாரு, பொண்ணும் மாப்பிள்ளையும் தெரியுது தெரியுதுன்னு தலையாட்டுதுங்க. இன்னாடா தெரியுது? கரண்டு கம்பமா?"

பிறகு கண்ணில் புரை விழுந்தது. முதலில் அருந்ததி போனாள். அப்புறம் வசிஷ்டர், எண்ணெய் பட்ட காகிதத்துக்குப் பின்னால் வைத்த விளக்கு மாதிரி ஆனார். இருசப்பன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தன் மாடியில் நட்சத்திரம் காட்டக் கண் எதற்கு? மலை கறுப்பாகத் தெரிகிறது. உச்சிக்கு மேலே கையை நீட்டினால் போதும். கூட்டாளிகள் "தெரியுதுணா" என்றார்கள். ஏமாற்றிவிட்டோம் என்றே நம்பினார்.

போன வைகாசியில் அருணகிரி மகள் அபிநயாவுக்குக் கல்யாணம். ஊருக்கு அந்தக் கோடியில், வேங்கிக்காலில் மண்டபம். பத்திரிகை வாங்கும்போதே இருசப்பன் சொல்லிவிட்டார்: "முதல் நாள் ரிசப்ஷன்ல, நெஜ வானத்துல, நெஜ அருந்ததிய நான் காட்டுவேன்."

அன்று சாயங்காலம் அருணகிரி அவரைத் தடுத்துப் பார்த்தான். "மேகமா இருக்குதுணா. வேணாம்."

"ஆமாணா, போட்டோக்காரரு வேற அவசரப்படுத்தறாரு" என்றான் புகழேந்தி.

"போங்கடா!" என்று பெண்ணையும் மாப்பிள்ளை அன்பரசனையும் கூட்டிக்கொண்டு மண்டபத்து மாடிக்கு ஏறிவிட்டார். சீரியல் லைட் ஒவ்வொன்றும் அவர் கண்ணுக்குப் பூசணிக்காய் அளவு இருந்தது. தூரத்தில் மலை மட்டும் கறுப்பாக நின்றது. பழக்கப்பட்ட கை, உச்சிக்கு நேர் மேலே நீண்டது.

"வாலு மாதிரி மூணு இருக்குது பாருங்க. நடுவுல இருக்கறது வசிஷ்டர். பக்கத்துல அருந்ததி. தெரியுதா?"

மாப்பிள்ளை கையில் நட்சத்திரம் காட்டுகிற ஆப் வைத்த போன். "மாமா, சப்தரிஷி நம்ம முதுகுப் பக்கம்னு காட்டுது. இங்கிருந்து மலை தென்மேற்கு இல்ல?"

"ஸ்ஸ், போனை உள்ள வைங்க" என்று அபிநயா கிசுகிசுத்தாள். "பெரியப்பா காட்டினா தெரியுதுன்னு சொல்லிடணும். அப்பா சொல்லி வெச்சிருக்காரு."

இருசப்பனுக்குக் கண்தான் போயிருந்தது, காது போகவில்லை.

"தெரியுது மாமா" என்றான் மாப்பிள்ளை. "நல்லா தெரியுது."

அவர் படி இறங்கி வந்து, கை கழுவுகிற இடத்தில் அருணகிரியைப் பிடித்தார்.

"எத்தன நாளாடா உங்களுக்குத் தெரியும்?"

அருணகிரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "ரெண்டு வருஷமா இருக்கும்ணா. தை மாசம் வியாழனைப் பார்த்துட்டு நாலு நிலாவும் பளிச்சுனு இருக்குதுன்னு சொன்னீங்களே... குழாய் மூடிய நாங்க கழட்டவே இல்லணா."

"அப்பவே மூஞ்சில சொல்றதுதானே?"

"சொன்னா நீங்க அப்பாலே மாடி ஏற மாட்டீங்க. மனசு கேக்கல."

பொய்யன் என்று நாலு பேர் முன்னால் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பார். பாவம் பார்த்தார்களே, அதைத் தாங்க முடியவில்லை. இருசப்பன் பசியோடு கிடந்த காலத்தில்கூட ஒருத்தனைப் பாவம் பார்க்க விட்டவரில்லை. கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போவது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று தெரிந்தேதான் வண்டியேறினார். மறுநாள் முகூர்த்தத்துக்கும் போகவில்லை. தாலி கட்டி முடித்து, பட்டப்பகலில் ஐயர் காட்டிய அருந்ததியைத்தான் அபிநயா பார்த்தாள்.

அடுத்து வந்த அமாவாசைக்கு ரெண்டு பேரும் வந்தார்கள். மயில் கேட் உள்ளே பூட்டியிருந்தது. அவர் செய்த கேட், ஆடவில்லை.

ஆனி மாதம் ரெண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆனது. ஆடி அமாவாசை சாயங்காலம் தனியாக மாடி ஏறினார். குழாயைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. மலையின் இடது தோளுக்கு மேலே ஏழும் கழுவிவிட்ட மாதிரி நின்றது. வசிஷ்டர் பக்கத்தில், ஊசி முனையளவு, அருந்ததி. "தெரியுதா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் கொடியில் காய்ந்த துணிதான்.

போன் அடித்தது.

"ணா, புகழேந்தி. கண்ணு நல்லா ஆயிடுச்சாமே. கண்டக்டரும் எங்க வீட்டு மாடியிலதான் நிக்கறாரு. வடை சூடா இருக்குது. வரட்டுமா?"

இருசப்பன் வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"வேணாம்டா. இங்க மேகமா இருக்குது."

புகழேந்தி வீடு வேங்கிக்காலில். அங்கிருந்து செங்கம் ரோட்டுக்கு வானம் என்ன, வேறயா?

"ஆமாணா" என்றான் புகழேந்தி. "இங்கயும் ஒண்ணுமே தெரியல."