அறுபதா, நூற்றிருபதா

சேலத்திலிருந்து ஈரோட்டுக்குப் போகும் வழியில், சங்ககிரிக்கு அருகே என் கார் வேகமெடுக்க மறுத்தது. எவ்வளவு மிதித்தும் ஊர்ந்துதான் போனது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்குகள் எரிந்தன. இதே கோளாறுக்குப் போன வாரம்தான் எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டிலையே மாற்றியிருந்தேன்.

லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வண்டி எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த பெண்மணி ஒருவர், கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைக் காரில் செருகிப் பார்த்தார்.

"த்ராட்டில் நல்லாத்தான் இருக்குதுங்க. உள்ள இருக்கற கம்ப்யூட்டருங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கல."

"மிதிச்சா கேபிள் இழுக்காதுங்களா?"

"கேபிளே கெடையாதுங்க. நீங்க மிதிக்கறது ஒயர்ல சேதியாத்தான் போவுது. மத்த கம்ப்யூட்டர் பதில் சொல்லலீன்னா, எஞ்சின் சந்தேகப்பட்டு வேகத்தக் கொறைச்சுக்கும்."

பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர்களை இணைக்கும் இரண்டு ஒயர்களில் மல்டிமீட்டரை மாட்டினார். "அறுபது ஓம் காட்டோணும், நூத்தியிருபது காட்டுது. எங்கியோ ஒயர் அந்திருக்குது. நம்பர் மாறுனாச் சொல்லுங்க" என்று மீட்டரை என்னிடம் கொடுத்தார்.

ஒயர்க் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போனார். பேட்டரித் தட்டின் அடியில் ஓரிடத்தில் அவர் கை நின்றது.

"அறுபதுங்க" என்றேன்.

டேப்பைப் பிரித்தார். செம்பு பச்சை பூத்து, மயிரிழை அளவுக்கு விட்டுப்போயிருந்தது. அதை இணைத்துப் பேட்டரியை மாட்டியதும் கார் பழையபடி பாய்ந்தது.

பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். என் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இவ்வளவு பேச்சு நடப்பது அன்றுவரை தெரியாது. ஈரோடு சேரும்வரை பாட்டுப் போடத் தோன்றவில்லை.