பாட்டில்லாத நான்கு நிமிடம்

திண்டுக்கல்லில் பாட்டு நாடகத்துக்கு வசனம் எழுதுகிறவர் என்றால் சூசைமாணிக்கம்தான். வேறு யாரும் முன்வராத காரணத்தால் இந்தத் துறையில் அவருக்குப் போட்டியே கிடையாது. பகலில் அவர் பத்திர எழுத்தர். நிலம் விற்கிறவரும் வாங்குகிறவரும் சொல்ல வேண்டியதை எழுதுவார். சாயங்காலம், காதலனும் காதலியும் சொல்ல வேண்டியதை. இரண்டும் சில சமயம் கலந்துவிடும். ஒரு நாடகத்தில் கதாநாயகன், "இந்த இதயத்தின் மீது முன் வில்லங்கம் யாதொன்றும் இல்லை" என்று கதாநாயகிக்கு உறுதியளித்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை.

பாட்டு நாடகத்தில் வசனகர்த்தாவின் வேலை வண்டி தள்ளுவது. மனசு பொங்குகிற இடம் வரைக்கும் கதையைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். பொங்கும்போது கீபோர்டு ஜெரோம் ஏறி உட்கார்ந்துகொள்வான். கைதட்டல் பாட்டுக்கு. ஆட்டம் இழுவை என்றால் பழி வசனத்துக்கு. பதினோரு நாடகம் இப்படியே போயிற்று.

பன்னிரண்டாவதில் சூசைமாணிக்கம் துணிந்துவிட்டார். ஏழு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்த கணவன் சாப்பிடுகிறான், மனைவி பரிமாறுகிறாள். நான்கு நிமிடம். பாட்டு இல்லை.

"ஏண்ணே, ஏழு வருசம் கழிச்சு வந்தவன் சோத்தத் தின்னுக்கிட்டு இருந்தா சனம் எந்திரிச்சுப் போயிரும்ணே. ஒரு டூயட்டு வப்போம்" என்றான் ஜெரோம்.

"இந்த ஒண்ண மட்டும் விட்ருப்பா."

"ஞாயித்துக்கெழம ஒத்திகைக்குத் தெருவையே கூப்புடுவோம். கைதட்டுனா சீன் இருக்கட்டும். இல்லேன்னா டூயட்டுதான்."

இந்த ஒன்றில் மட்டும் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஜெரோம் கேட்கவில்லை. சூசைமாணிக்கத்தின் மனைவி லூர்தம்மாள், மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போனவர். அந்தப் பிள்ளை இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறது. சண்டை கிண்டை எதுவும் இல்லை. தினமும் போன் வரும். "சாப்ட்டீகளா?" "ம்." "சரி, வைக்கிறேன்." ஒரு வசனகர்த்தாவின் வீட்டில் வசனத்துக்கு இவ்வளவு சிக்கனம்.

எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது அவர் தொழில் முறை. ஆண் குரலுக்கு நாற்காலி; பெண் குரலுக்கு எழுந்து நின்றுகொள்வார், தொண்டையும் மெலியும். லைன் வீட்டில் இரண்டு குடித்தனத்துக்கும் நடுவே ஒரே சுவர். வியாழக்கிழமை சாயங்காலம் அவர் மனைவி பாகத்தை உருகிச் சொல்லி முடிக்கவும் கதவு தட்டப்படவும் சரியாக இருந்தது. பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி. கையில் தட்டு நிறைய நெய்ச்சோறு, தால்சா, அவித்த முட்டை இரண்டு.

"மதினி வந்துட்டாகளாண்ணே? சத்தம் கேட்டுச்சு. அதான் ரெண்டு பேருக்காக் கொண்டாந்தேன்."

"இல்லை, அது நான்தான்" என்பதே அங்கே சொல்ல வேண்டிய வசனம். சின்னது, உண்மையானது. எந்த நடிகனும் சொல்லிவிடுவான்.

"குளிக்குது" என்றார் சூசைமாணிக்கம்.

வெள்ளிக்கிழமை லூர்தம்மாள் கோயிலுக்குப் போயிருந்தார். சனிக்கிழமை தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று நாளும் தட்டில் இரண்டு முட்டை வந்தது. ஒன்றைத் தனக்காகவும், மற்றதைக் கதையின் தேவைக்காகவும் சூசைமாணிக்கமே தின்றார்.

ஞாயிறு மத்தியானம் ஒத்திகைக் கூடம் நிரம்பியது. ஜெய்தூன் பீவியும் வந்து, "மதினி வரலையா?" என்றார். "தலவலி." மேடையில் அறிவுச்செல்வி மனைவியாக நின்று, கணவனின் தட்டில் குழம்பு ஊற்றினாள்.

"உறைப்பா இருக்கா?"

"பரவால்ல."

"போன தடவ உப்புக் கம்மின்னீக."

"அது ஏழு வருசத்துக்கு முந்தி."

"அதான் கேக்குறேன்."

முதல் வரியிலேயே ஜெய்தூன் பீவி திரும்பி வசனகர்த்தாவைப் பார்த்தார். வசனகர்த்தா மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

காட்சி முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. யாரோ ஒருவர் தும்மினார். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஜெரோம் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு, சும்மா ஒரு மாதிரிக்கு என்று டூயட்டின் முதல் அடியை வாசித்தான். விசில் பறந்தது. நான்கு நிமிடமும் அத்தோடு போயிற்று.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் கதவு தட்டப்பட்டது.

தட்டில் ஒரே முட்டை.

மதினியைப் பற்றிப் பேச்சே இல்லை. மற்ற நாள் கொடுத்துவிட்டுப் போகிற ஜெய்தூன் பீவி, இன்று வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "சூடாச் சாப்பிடுங்கண்ணே" என்றார். சூசைமாணிக்கம் ஒரு வாய் வைத்தார்.

"உறைப்பா இருக்கா?"

பதில் அவரே எழுதியதுதான். நாற்பது தடவை சொல்லிப் பார்த்ததுதான். பாவி மனுஷனுக்கு வரவில்லை. இன்னொரு வாய் வைத்தார்.

"புளி கொஞ்சம் தூக்கல்."

"அப்படிச் சொல்லுங்க. மூணு நாளும் ருசியப் பத்தி வாயத் தொறக்கலையே நீங்க!" என்று ஜெய்தூன் பீவி எழுந்து போனார்.

சூசைமாணிக்கம் கதவைச் சாத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம். போன் வந்தது.

"சாப்ட்டீகளா?"

"சாப்ட்டேன். புளி கொஞ்சம் தூக்கல்."

லூர்தம்மாள் வழக்கம்போல "சரி, வைக்கிறேன்" என்று சொல்லவில்லை.

"யாரு வச்சது?" என்றார்.