நூற்றிப்பன்னிரண்டு ரூபாய்ப் பத்திரம்

அண்ணன் இறந்ததும் மில்லில் கொடுத்த பதினோராயிரத்து இருநூறு ரூபாயை அண்ணி என்னிடம் கொடுத்தார். செலவுக்கு வட்டி வர வேண்டும். நாலு வருஷத்தில் மகளுக்குக் கல்யாணம், அப்போது போட்ட முதல் குறையாமல் திரும்பி வர வேண்டும். இவ்வளவுதான் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் செல்லூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனிகள் ஜனங்களிடம் கடன் வாங்கிப் பத்திரம் கொடுக்கும், அதை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் இருந்த தரகரிடம் போனேன். அண்ணன் போன பிறகு எங்கே போனாலும் கால்தான் போகும். நான் போன மாதிரி இருக்காது.

தரகர் இரண்டு பத்திரங்களை மேஜைமேல் வைத்தார். இரண்டிலும் நூறு ரூபாய் என்று அச்சடித்திருந்தது. இரண்டுக்கும் தவணை நாலு வருஷம். ஒன்றுக்கு வருஷ வட்டி பதினைந்து ரூபாய், விலை நூற்றிப்பன்னிரண்டு. மற்றதற்கு வட்டி பன்னிரண்டு, விலை தொண்ணூற்றிரண்டு.

இரண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். துணியை அப்படித்தான் பார்ப்போம்.

"என்னண்ணே, வேட்டியா எடுக்க வந்தீங்க? வெறும் காகிதம்ணே அது" என்றார் தரகர். பின்னால் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பதினஞ்சு உசத்திதானே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அச்சடிச்ச வட்டியப் பாத்தா அது உசத்தி. போடுற காசுக்கு எம்புட்டு வட்டின்னு பாத்தாலும் அதுதான் கொஞ்சம் உசத்தி. ஆனா கடைசி வரைக்கும் வச்சிருந்தீங்கன்னா..."

டெலிபோன் அடித்தது. அவர் பேசி முடிப்பதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். விலை குறைந்த நூல் தறியில் அறுந்து அறுந்து உயிரை வாங்கும். தொண்ணூற்றிரண்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்றால் அதுவும் அந்த ரகம்தான் என்று நினைத்தேன். பாதியில் விட்ட பேச்சை முடிக்கச் சொல்லி அவரிடம் கேட்டிருக்கலாம். பின்னால் ஆள் நின்றதால் கேட்கவில்லை. நூற்றிப்பன்னிரண்டு ரூபாய்ப் பத்திரத்தில் நூறு வாங்கினேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை எழுநூற்றைம்பது ரூபாய் வந்தது. மூன்றாம் வருஷம், எங்களுக்கு நூல் கொடுக்கும் சௌராஷ்டிர வியாபாரியிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

"தவணை முடிஞ்சா ஒரு பத்திரத்துக்கு எம்புட்டுய்யா தருவான்?" என்றார்.

"நூத்திப்பன்னெண்டுதானே?" என்றேன்.

"நூறுதான்யா தருவான். அச்சடிச்சத விட்டு நீ குடுத்ததயா தருவான்?"

நூல் சுற்றி வந்த காகிதத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டார். அந்தப் பணத்துக்குத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்ப் பத்திரம் நூற்றி இருபத்தொன்று வந்திருக்கும். வருஷ வட்டி நாற்பத்தெட்டு ரூபாய்தான் குறைந்திருக்கும். முடிவில் பன்னிரண்டாயிரத்து நூறு கைக்கு வந்திருக்கும்.

"வாங்குன வெல, வர்ற வட்டி, கடைசியில வர்றது, மூணையும் சேத்துப் பாக்கணும்யா. அப்படிப் பாத்தா உன்னுது நூத்துக்குப் பதினொண்ணுதான் தேறும். அது பதினாலுக்கு மேல."

"இப்ப வித்துரலாமா?"

"நாளாக ஆக நூற நோக்கித்தான் எறங்கும். வித்தாலும் ஒண்ணு, வச்சிருந்தாலும் ஒண்ணு."

தறிக்குத் திரும்பினேன். பயம் வரும் என்று காத்திருந்தேன். அதுகூட வரவில்லை. அண்ணியிடம் ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சொல்லவில்லை.

பத்தாயிரத்துக்குக் காசோலை வந்த அன்றுதான் சொன்னேன். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு காசோலையை வாங்கிப் பார்த்தார்.

"அப்ப வட்டி வட்டின்னு நாங்க சாப்பிட்டதுல வருஷத்துக்கு முந்நூறு எங்க மொதல்தான். அப்படித்தானே தம்பி?"

வியாபாரி காகிதத்தில் போட்ட கணக்கை அண்ணி மனக்கணக்காகவே போட்டுவிட்டார்.

"ஆமா அண்ணி."

"மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"குடுக்காதீங்க. கோயில்ல வச்சுக்கிருவோம்."

அரிசியை உலையில் போடப் போனார். திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

கல்யாணம் கோயிலில் நடந்தது. வந்தவர்களுக்கு நான்தான் சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன். யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் இப்போது ஒரு முகமும் நினைவில் இல்லை.