வளைகாப்புப் படத்தின் நிறம்

விருத்தாசலத்தில் நான் தங்கிப்போனதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவன் நான். ஜங்ஷனில் இறங்கிய அன்று சாப்பிட வழியில்லை. பக்கத்து ஸ்டுடியோவில் கேமரா பிடிக்க ஆள் தேடினார்கள். லைட் பெட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொள்ள இடமும் கிடைத்தது.

அந்த ஸ்டுடியோவில் ஒரு பழக்கம் உண்டு. விசேஷ வீட்டில் முதல் படம் எடுக்கும்போது, முகத்துக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடிக்கச் சொல்வோம். மெருகு ஏற்றாத வெள்ளைக் கட்டை. இந்த ஊர்ப் பீங்கான் கம்பெனி வாசல்களில் உடைசலாகக் கிடக்கும். ரா ஃபைல் என்பது கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றாமல் வைத்திருக்கும் படம். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, இந்தக் கட்டைதான் வெள்ளை என்று காட்டிவிட்டால் மற்ற நிறங்கள் அதனதன் இடத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு, ஆல்பத்துக்குப் போகும் முன், முதலாளி எல்லா முகத்தையும் வெளுப்பாக்கிவிடுவார். யாரும் கேட்கவே வேண்டாம்.

ஒருநாள் ஒரு அம்மா மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். பையில் மகளின் வளைகாப்பு ஆல்பமும் அன்று கட்டியிருந்த பச்சைப் புடவையும் இருந்தன. அந்த வளைகாப்புக்கு நான்தான் படம் எடுத்தேன். பிள்ளை பிழைத்தது, மகள் பிரசவத்தில் போய்விட்டாள். காமாலை முற்றிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

"இது யாரு பொண்ணு தம்பி? எம்பொண்ணு கருப்பு. கருப்பாவே போட்டுக் குடு."

"ஊரே வெளுப்பாக்குன்னு வருது. நீங்க ஒருத்தருதாம்மா கருப்பாக்குன்னு வந்துருக்கீங்க," என்றார் முதலாளி.

"பெத்த எனக்கே இல்லாத வெக்கம் ஒனக்கு என்னாத்துக்கு? அவ புள்ள நாளைக்கு எங்கம்மா எதுன்னு கேட்டா, இந்த வெள்ளக்காரியக் காட்டச் சொல்றியா?"

முதலாளி சிரித்தபடி டீ குடிக்கப் போய்விட்டார். நான் பழைய ரா ஃபைலைத் திறந்தேன். கட்டையைக் காட்டி வெள்ளையைச் சரிசெய்து, சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டு, வாசல் வெளிச்சத்தில் புடவையோடு வைத்துப் பார்த்தேன். பச்சை பச்சையாகவே இருந்தது. முகம் கருப்பாக, அவள் முகமாகவே இருந்தது. கண்ணின் வெள்ளை மட்டும் மஞ்சளாக இருந்தது.

மண்டபத்து விளக்கின் மஞ்சள் கொஞ்சம் தங்கிவிட்டது என்று நினைத்து அதைக் குறைத்தேன். புடவை நீலமாகப் போனது, கட்டையும் நீலமானது. மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். வெளிச்சத்தில் குறையில்லை. கண்தான் அப்படி இருந்தது.

அந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். கன்னத்தில் நலங்கு வைத்த மஞ்சளும் சந்தனமும் திரையில் தனியாகத் தெரிந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கே இருந்துச்சாப்பா?"

நான் திரையில் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"எல்லாரும் மஞ்சப் பூசுனோம். நானுந்தான் ரெண்டு கையாலயும் பூசுனேன். மஞ்சளாத்தானே இருப்பான்னு வுட்டுட்டேன்."

நாற்காலியைப் போட்டேன், அவர் உட்காரவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கண்ண மட்டும் வெள்ளையாக்கிடு. மூஞ்சத் தொடாத. அந்தப் புள்ளைக்கு அம்மா இருந்தாப் போதும். இந்த மஞ்ச எங்கிட்டயே இருக்கட்டும்."

இரண்டு கண்ணையும் துடைத்தேன். அந்த மஞ்சள் போகும்வரை அவர் திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. பெரிய பிரிண்டைப் புடவைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றார்.

அதற்குப் பிறகும் அந்தக் கண்கள் எனக்குத் தெரிகின்றன. கேமராவை எடுத்தால் முதலில் அவைதான் வருகின்றன. கம்மாபுரம் பக்கம் வளைகாப்புக்குப் போனால், யாரும் நலங்கு வைப்பதற்கு முன்பே பெண்ணை வாசல் வெளிச்சத்துக்கு வரச் சொல்கிறேன். "மேக்கப்பே இன்னும் முடியல, அதுக்குள்ள என்னா அவசரம் இவுருக்கு?" என்று பெண்கள் முணுமுணுக்கிறார்கள். நான் கேமராவை இறக்கி வைத்துவிட்டு, கண்ணைப் பெரிதாகத் திறந்து என்னைப் பார்க்கச் சொல்கிறேன்.