சொக்கம்மாள் டச் போன் மாற்றிய கதை

காசிமேட்டில் மீன் விற்கும் சொக்கம்மாளுக்கு வாய் நீளம். அதில் அவளுக்கே சந்தேகம் கிடையாது. 2009-இல், மகளைப் பெண் பார்க்க வருகிற வாரம் பார்த்துப் புருஷன் நீலமேகம் விசைப்படகில் கடலுக்குக் கிளம்பினான். படகுக்கு ஆள் போதவில்லை என்று அவன் சொன்ன காரணம் எடுபடவில்லை. “போறியா, போ. எனக்கு போன் கீன் பண்ணாத” என்றாள். சொன்ன வேகத்தில் மறந்தும்விட்டாள்.

அந்த வாரம்தான் எண்ணூரில் கம்பெனி வேலைக்குப் போகும் மகள் அம்மாவுக்கு டச் போன் வாங்கிக் கொடுத்தாள். பட்டனே கிடையாது, முழுக்கக் கண்ணாடி. போன் அடித்தால் பச்சைப் பக்கம் விரலால் தள்ள வேண்டும். சிவப்புப் பக்கம் போனால் கட். சொக்கம்மாள் ஊருக்கெல்லாம் காட்டிப் பந்தா பண்ணினாள். பிறகு, காசிமேட்டில் எல்லோரும் செய்வதுபோல, தண்ணீர் படாமலிருக்க பாலிதீன் கவரில் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினாள். பட்டன் போனாக இருந்தால் அது சரிதான்.

கரை நெருங்கி டவர் கிடைத்ததும் வீட்டுக்குப் பேசுவது படகுக்காரர்களின் வழக்கம். நீலமேகமும் கூப்பிட்டான். அவள் சங்கரா மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தாள்; கையெல்லாம் ஈரம், செதில். சுருங்கிய கவர் மேல் பச்சையைத் தள்ளினாள், விரல் சிவப்புக்கு வழுக்கி கட் ஆனது. மறுபடி அடித்தது, மறுபடி கட். திருப்பிக் கூப்பிட்டபோது டவர் போயிருந்தது. வரத்தானே போகிறான் என்று வஞ்சிரத் தலை வாங்கிக் குழம்பு வைத்தாள்.

படகு வந்தது, அவன் வரவில்லை. கட் பண்ணுகிறவள் வீட்டுக்கு எதற்குப் போவது என்று படகிலேயே படுத்துக்கொண்டான். கை ஈரம், போன் சரியில்லை என்று ஆள்விட்டுச் சொன்னாள். கதை விடுகிறாள் என்றானாம். சொக்கம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. போன் மேல் கோபம்; அதைவிடத் தன் வாய் மேல்.

மறுநாள் மகளின் சிம்மைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ராயபுரத்தில் சௌக்கத் அலியின் போன் கடைக்குப் போனாள். அவர் கேமரா, பாட்டு என்று எடுத்துக் காட்டினார். அவள் ஒரு மக் தண்ணீர் கேட்டாள். ஒவ்வொரு போனையும் கவருக்குள் போட்டு, கையை நனைத்து நனைத்து அமுக்கிப் பார்த்தாள்.

“இன்னாம்மா, போன் பாக்குறியா, மீன் கழுவுறியா?” என்றார் சௌக்கத் அலி.

கேமரா இல்லாத, பெரிய பட்டன் வைத்த ஒன்றை எடுத்துக்கொண்டாள். தன் சிம்மை அதில் போடச் சொன்னாள். மகளின் சிம் டச் போனுக்குப் போனது.

அங்கிருந்து நேராகத் துறைமுகம். நீலமேகம் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். கவர் கட்டிய டச் போனை அவன் கையில் திணித்தாள். “நான் பண்றேன், எடு” என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்று பட்டன் போனில் கூப்பிட்டாள்.

அவன் ஈர விரலால் பச்சையைத் தள்ளினான். கட் ஆனது. அவள் மறுபடி கூப்பிட்டாள். விரலை லுங்கியில் துடைத்துவிட்டுத் தள்ளினான். ஈரக் கவரில் அதுவும் வழுக்கிக்கொண்டு போய் கட் ஆனது. அடுத்த தடவை அடித்தபோது அவன் தொடவில்லை. அடிக்கிற போனைக் கையில் பிடித்தபடி அவளிடம் நடந்து வந்தான்.

“பொண்ண புடிச்சிருக்காமா அவங்களுக்கு? அதக் கேக்கத்தான் போன் பண்ணேன்” என்றான்.

“புடிச்சிகீதாம். கொழம்பு கீது, வா” என்றாள்.