பிரிஜிட்டின் பெயர் இல்லாத மரணசாசனம்

மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போகக் காரை எடுத்தபோது என் மனைவி வாசலுக்கு வந்தார். "இஞ்சருங்கோ, மொறீன் போயிட்டாவாம். அவவின்ர மகள் கேட் இப்பதான் போன் எடுத்தவள்." அன்று கோயிலுக்குப் போகவில்லை.

வென்ட்வேர்த்வில்லில் மொறீன் எங்கள் பக்கத்து வீடு. வேலிக்கு மேலால் எட்டித் தோசை கேட்கும் அந்த வெள்ளைக்காரியை உங்களில் பலருக்குத் தெரியும். முன்னோர் அயர்லாந்துக்காரர். குடும்பத்தின் பழைய மரணசாசனங்களைத் தேடியெடுத்து, யாருக்கு எது போனது என்று பார்ப்பதுதான் அவருக்குப் பொழுது. நான் யாழ்ப்பாணத்தில் உறுதியும் சாசனமும் எழுதும் நொத்தாரிசாக இருந்தவன் என்று தெரிந்ததும் என்னையும் விடவில்லை. "மனிதர் உண்மை பேசுவது சாசனத்தில் மட்டும்தான்" என்பார். நான் எழுதிக்கொடுத்த சாசனங்களை நினைத்துச் சிரிப்பேன்.

ஒரு சாசனம் மட்டும் அவரை வருத்தியது. அவருடைய அம்மம்மாவின் தாய் பிரிஜிட், கல்யாணம் முடித்து இந்த ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவர். பிரிஜிட்டின் தகப்பன் மகனுக்கு நிலம், இளைய மகளுக்குப் பசு, வேலைக்காரிக்குக்கூட ஒரு கம்பளி என்று எழுதியிருந்தார். பிரிஜிட்டின் பெயரே இல்லை. கிழவன் மகளைத் தலைமுழுகிவிட்டான் என்றுதான் மொறீனின் தாய் சாகும்வரை நம்பினாராம். அதைச் சொல்லும்போது மொறீனின் முகம் சிவந்துவிடும்.

சீதனம் வாங்கிப் போன மகளுக்கு எங்கள் பக்கத்தில் திரும்ப எழுதுவதில்லை, அது கோபமில்லை என்றேன். "அயர்லாந்தை யாழ்ப்பாணமாக்க வேண்டாம்" என்று பாய்ந்தார்.

சில மாதங்களின் பின், பிரிஜிட்டின் தாய் எழுதிய சாசனத்தின் பிரதியோடு ஓடிவந்தார். "கல்யாணத்தின்போதே தகப்பனிடம் தன் பங்கைப் பெற்ற, கடலுக்கு அப்பாலுள்ள என் மகள் பிரிஜிட்டுக்கு என் சால்வை." வாசித்துவிட்டு எங்கள் குசினிக் கதிரையில் இருந்து அழுதார்.

"அழாதையுங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்றார் மனைவி.

"ஓம்" என்றார் மொறீன். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் அது. பிறகு என்னிடம், "அந்தக் கிழவனும் ஒரு வரி எழுதியிருந்தால் என் அம்மா நிம்மதியாகச் செத்திருப்பார்" என்றார்.

அடக்கம் முடிந்த வாரம் கேட் வந்து தாயின் சாசனத்தைக் காட்டினாள். வீடு அவளுடைய தம்பிக்கு. கேட் வீடு வாங்கும்போதே மொறீன் அவள் பங்கைக் கொடுத்துவிட்டார். ஆனாலும் முதல் வரி அவளுக்குத்தான்: "என் மகள் கேட் தன் பங்கை முன்பே பெற்றுவிட்டாள். அவளை நான் மறக்கவில்லை."

"எனக்கு இது போதும், அங்கிள்" என்றாள்.

நோபல் பார்க்கில் இருக்கும் எங்கள் மூத்தவளுக்குச் சீதனம் எப்போதோ எழுதியாயிற்று. அதனால் என் சாசனத்தில் அவள் பெயர் இருக்கவில்லை. மொறீனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வரி. நேற்றுப் போய் அதைச் சேர்த்துவிட்டு வந்தேன். சொத்தில் அவளுக்கு இனி ஒன்றுமில்லை. முதல் பெயர் அவளுடையது.