அரிசி டிரம் இருந்த அறை

பூண்டு வாடை அடித்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. காரணம் ஜெபமணி.

புனே பக்கம் நிக்டியில் எங்கள் வரிசையில் நாலாவது வீடு அவளுடையது. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தபோது பத்தொன்பது வயது. புருஷன் அந்தோணி கம்பெனி வேலையில் இருக்கும்போதே நெஞ்சு வலியில் போய்விட்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு போட்டது ஊரார் வீட்டுத் தானியம்தான்.

மராத்திக்காரர்கள் மே மாதத்திலேயே வருஷத்துக்கான கோதுமையையும் அரிசியையும் வாங்கிப் போடுவார்கள். மழை பிடிப்பதற்குள் வெயிலில் காயவைத்து, புடைத்து, கோதுமைக்கு விளக்கெண்ணெய் தடவி, அரிசிக்குக் காய்ந்த வேப்பிலை போட்டு டிரம்மில் அடைக்க வேண்டும். அதுதான் ஜெபமணி வேலை. அவள் கைபட்ட டிரம்மில் அடுத்த மே வரை ஒரு வண்டு இருக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு இருக்கத்தான் செய்யும்.

போன வருஷம் மகள் ஜெனிபர் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஊரார் வேலையும் பிள்ளைபெற்ற வீட்டு வேலையுமாக, தன் வீட்டு அரிசிக்கு வெயில் காட்ட ஜெபமணிக்கு நேரமில்லை. ஜூனில் மழை பிடித்தது. டிரம்மைத் திறந்தால் மொய்மொய் என்று வண்டு. ஊருக்கே அடைத்துக் கொடுப்பவள் வீட்டில் வண்டு என்றால் வெளியே சொல்ல முடியுமா? தானியக் கிடங்கில் வேலை செய்யும் ஒருவனிடம், அங்கே மூட்டைகளுக்கு நடுவே வண்டு கொல்ல வைக்கும் மாத்திரை மூன்று வாங்கி வந்து, துணியில் முடிந்து அரிசிக்குள் புதைத்துவிட்டாள். வீடுகளில் வண்டு வராமலிருக்க டிரம்மில் சின்ன மாத்திரை போடுவார்களே, அதுபோல்தான் இதுவும் என்று நினைத்தாள். டிரம் இருந்தது ஜெனிபரும் நாற்பது நாள் குழந்தையும் படுக்கும் அறையில். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஜெனிபருக்குப் பிரசவ லேகியம் கொடுக்கப் போனேன். நுழைந்ததுமே வாடை.

"என்னட்டி, காலையிலேயே பூண்டு உரிச்சியா?"

"இல்லையே விசாலக்கா. வீட்டுல ஒரு பல்லு பூண்டு கிடையாது."

ஜெனிபர் சுவரில் சாய்ந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். தலை பிளக்கிறது என்றாள். குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினேன். அழவில்லை. மறுபடி சுண்டினேன். வாய் தளர்ந்து கிடந்தது.

"எல்லாரும் வெளிய வாங்க."

"மழை கொட்டுதே அக்கா, பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்."

"பிடிச்சா பிடிக்கட்டும். எனக்கு இந்த வாடை சரியாப் படல. வாரியா, இல்ல நான் தூக்கிட்டுப் போகட்டுமா?"

பதிலுக்கு நிற்கவில்லை, தூக்கிக்கொண்டு நடந்தேவிட்டேன். ஜெனிபரும் ஜெபமணியும் பின்னாலேயே ஓடிவர, ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் ஜெபமணி முகத்தில் ரத்தமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மராத்தியில் கேட்டார், வீட்டில் ஏதாவது மருந்து அடித்தீர்களா என்று. இல்லை என்றாள் ஜெனிபர். அவளுக்குத் தெரியாதே. ஜெபமணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, நான் அரிசிக்கு மாத்திரை போட்டேன்."

"அத எங்கிட்ட ஏன் சொல்லுத? அவர்ட்ட சொல்லு."

"போலீசு வரும்லா. மாப்பிள்ளை வீட்டுல என்னைக் கொலைகாரின்னு சொல்லுவாவ."

"பிள்ளைக்கு மூச்சு இருக்கும்போதே சொல்லுட்டி!"

சொன்னாள். பாதி மராத்தி, பாதி தமிழ். டாக்டர் முழுசும் கேட்கவில்லை, குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் ஓடினால் என்ன அர்த்தமென்று எழுத்து தெரியாத எனக்கும் தெரியும்.

பூண்டு வாடை அந்த மாத்திரையிலிருந்து கிளம்பிய விஷக்காற்றாம், அதற்கு மாற்று மருந்தே கிடையாதாம். மூச்சுக்குக் காற்று கொடுத்து, நெஞ்சு தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானாம். இரண்டு நாள் பார்த்தோம். ஜெனிபர் தெளிந்துவிட்டாள், ஆனால் தாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் குழந்தை பாலுக்கு வீறிட்டது.

பிழைத்துவிட்டதே, இன்னும் என்ன பயம் என்று ஜெபமணியைக் கேட்கிறார்கள். சொல்பவர்களுக்கு என்ன! இந்த மே மாதமும் அவள் வேலைக்குப் போனாள். மூட்டையைப் பிரிக்குமுன், டிரம் எந்த அறையில், அங்கே படுப்பது யார் என்றுதான் முதலில் கேட்கிறாள். அந்த மாத்திரை வீட்டில் இருக்கிறதென்று தெரிந்தால் முறத்தை வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறாள். வீட்டுக்காரி சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி, அது வீட்டைவிட்டுப் போகும்வரை உள்ளே கால் வைப்பதில்லை.